ஆளில்லா வீட்டுக்கு ஒரு பொறுப்பாள்: கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றின் அனுபவம்

2022 கார்த்திகை. மூன்று நாள் அடைமழை விட்டு வெயில் எறித்த காலை. எங்கள் ஒழுங்கையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு டெங்கு என்று முதல்நாள் ஆஸ்பத்திரியில் மறித்திருந்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து பிள்ளையின் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிரட்டைகள் கவிழ்த்திருந்தன, வாளிகள் மூடியிருந்தன, பூச்சாடித் தட்டில்கூடத் தண்ணீர் இல்லை. பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, “இந்த வளவு ஆற்றை, யாருடையது?” என்று கேட்டார்.

அந்த வளவுக்குள் யாரும் போய் ஐந்து வருடம். நெஞ்சளவு நாயுண்ணிப் பற்றை. கத்தியால் வெட்டி வழியெடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனோம். மலசலகூடக் கதவின் அடிப்பாகம் உக்கிப்போய் ஒரு சாண் உயரத்துக்குத் திறந்து கிடந்தது. பரிசோதகர் ரோச் அடித்தார். கூரைச் சீற் வெடிப்பால் வடிந்த மழைத்தண்ணீர் கோப்பைக்குள் தெளிவாகத் தேங்கி நின்றது. அதற்குள் நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் எல்லாமாகக் கீழே இறங்கின. எத்தனை என்று எண்ண முடியாத அளவு.

நோட்டீஸ் எழுத வேண்டும், உரிமையாளர் பெயர் என்ன என்று கேட்டார். அம்மா 2017இல் செத்துப்போனார் என்றேன். பிள்ளைகள்? இரண்டு பேர் கனடாவில், ஒரு மகள் சுவிஸில். விலாசம்? தெரியாது. போன் இலக்கம்? அதுவும் இல்லை. கடைசியில் செத்துப்போன அம்மாவின் பெயருக்கே எழுதி முன்கதவில் ஒட்டிவிட்டுப் போனார். அவரிலும் பிழை சொல்ல முடியாது. அடுத்த மழையில் தாள் நனைந்து திண்ணையில் விழுந்து கிடந்தது. பிள்ளை சுகமாகி வீடு வந்து சேர்ந்தது. கோப்பையை நாங்களே தட்டிக் கொட்டினோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை: இந்த வளவு ஆற்றை?

நான் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருந்தவன். அந்த நாளுக்குப் பிறகு இரண்டு வருடமாக ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு நாங்கள் என்ன செய்தோம், எங்கே பிழைவிட்டோம், எது சரிவந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டிருக்கிறேன். காணி விசயம், பெயர் வெளியே போனால் வழக்கு வரும்.

வீடுகள் ஏன் பூட்டியிருக்கின்றன

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பொடியன்களைக் கூட்டிக்கொண்டு ஊர் முழுக்க நடந்தேன். பூட்டிய வீடு பதினொன்று. நிலைமட்டத்தோடு நின்றுபோன வீடு மூன்று. கூரையில்லாத பழைய சுவர்கள் நான்கு வளவில்.

இதை வெளியூர்க்காரர் பார்த்தால், வசதியானவர்கள் வீட்டைக் கட்டிவிட்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்று நினைக்கலாம். வன்னியில் அந்தக் கதை பொருந்தாது. 2009 மே மாதம் சண்டை முடிந்தபோது இந்த ஊரில் ஒரு சனமும் இல்லை. இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலிருந்து கட்டம் கட்டமாகத்தான் திரும்பினோம். அந்த முகாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். வந்து பார்த்தபோது சுவர் இருந்த வீட்டுக்குக் கூரை இல்லை, கூரை இருந்த வீடே இல்லை. தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழே இருந்துதான் திரும்பக் கட்டினோம். 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டம் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, பகுதி பகுதியாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். மேசன் பிடிப்பது, கல் அரிவது, மண் ஏற்றுவது எல்லாம் வீட்டுக்காரரின் பாடு. அந்தக் காசு அநேகம் பேருக்குப் போதவில்லை. தாலிக்கொடியை அடகு வைத்துச் சீற் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அப்படிக் கட்டிய வீடுகள்தான் இன்று பூட்டியிருக்கின்றன. தனியாக இருந்த தாய் செத்துப்போக, பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பது ஒரு வகை. பிள்ளையின் படிப்புக்காக யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ வாடகைக்கு இருந்துகொண்டு திருவிழாவுக்கு மட்டும் வந்து போவது இன்னொரு வகை. கடனில் மூழ்கிக் குடும்பமாக வெளிக்கிட்டவர்களும் உண்டு. அந்த வீடுகளின் திறப்பு எங்கே என்று கேட்டால் அயலில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், கடன்காரன் வந்து நிற்பான் என்ற பயம்.

அந்தக் கூரையில்லாத நான்கு வளவும் வேறு. ஒன்றில் முழுக் குடும்பமும் முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு இல்லை. ஒருவரின் மரணச் சான்றிதழும் இல்லை, அதை எடுக்க உறவென்று சொல்ல ஒருவரும் இல்லை. காணாமற்போனவர்களுக்கு, ஆள் இல்லாததை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றை 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பிறகு எடுக்கலாம். ஆனால் அதற்கும் விண்ணப்பம் போட ஓர் உறவு உயிரோடு இருக்க வேண்டும்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

வெறும் வீட்டைப் பதிவு செய்து பராமரிக்க வேண்டும் என்று நேரடியாகச் சொல்லும் விதியை நான் தேடினேன். எங்கள் மட்டத்தில் கையில் எடுத்துப் பிடிக்கக்கூடியதாகக் கிடைத்தது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம்தான். அதற்கு முன்னால் வளவில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. உரிமையாளரோ குடியிருப்பவரோ யாராவது ஒருவர் தண்ணீர் தேங்கும் தகரம், சிரட்டை, ரயர் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும், கிணற்றைத் திருத்தமாக வைத்திருக்க வேண்டும், பற்றையை வெட்ட வேண்டும். நல்ல சட்டம். 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தபோது அதன் பெறுமதி எல்லோருக்கும் விளங்கியது. ஆனால் அந்தச் சட்டமும் நோட்டீசைக் கொடுக்க ஓர் ஆளைத் தேடுகிறது. எங்கள் ஒழுங்கையில் அந்த ஆள்தான் இல்லை.

பட்டணமென்றால் ஆதனவரிப் புத்தகம் இருக்கும். வீட்டுக்கு இலக்கம், வரி கட்டுபவரின் பெயர், விலாசம் எல்லாம் அதில் கிடைக்கும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, அபிவிருத்தியடைந்த பகுதி என்று அறிவித்த இடங்களுக்குத்தான் சபை ஆதனவரி விதிக்கலாம். எங்கள் மாவட்டத்துப் பெரிய பட்டணமான கிளிநொச்சியே நகரசபை இல்லாமல் கரைச்சிப் பிரதேச சபைக்குள் இருக்கிறது. உள்ளூர்க் குடியேற்றக் கிராமங்களுக்கு வரியும் இல்லை, வரிப் புத்தகமும் இல்லை. வரி இல்லாதது நல்லதுதான், ஆனால் அதோடு வளவுக்காரரின் பெயர் எழுதிய இடமும் இல்லாமல் போகிறது.

அடுத்தது அனுமதிப்பத்திரம், நாங்கள் பேர்மிற் என்று சொல்வது. இதை விளங்கிக்கொள்ளாமல் வன்னியில் காணி பற்றி ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. இங்கே பெரும்பகுதி நிலம் அரச காணி, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. காணியைத் திருத்தி, அதில் இருந்து பயன்பெற வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனை மீறினால் விளக்கம் கேட்டுப் பேர்மிற்றை இரத்துச் செய்யப் பிரதேச செயலாளருக்கு அதிகாரம் உண்டு. ஆகவே ‘என் வீடு வெறுமையாக இருக்கிறது’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைப்பது, இங்கே தன் கழுத்தில் தானே கயிறு போடுவது மாதிரித்தான் சனத்துக்குத் தெரியும்.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் யோசிக்காமல் விட்டேன்.

முதல் முயற்சி

2022 மார்கழியில் முன்பள்ளிக் கட்டடத்தில் கூட்டம் வைத்தோம். நடந்து எடுத்த பட்டியலை நான் வாசித்தேன். தலைப்பு ‘கைவிடப்பட்ட வீடுகள்’. இரண்டாவது பெயருக்கு வரும் முன்பே ஒரு ஐயா எழும்பிவிட்டார்.

“கைவிட்டது எண்டு ஆர் சொன்னது தம்பி? விட்டிட்டு ஓடினது. பிறகு வந்து கட்டினது. இப்ப பிள்ளையள் தூர நிக்கினம். அவ்வளவுதான்.”

கூட்டம் அதோடு குழம்பிவிட்டது. “பேர்மிற்றை வெட்டப் போறாங்கள், அதுக்குத்தான் கணக்கெடுக்கிறாங்கள்” என்று ஒரு அக்கா அழுதுகொண்டு போனார். அடுத்த கிழமை ஒழுங்கைகளால் போகும்போது ஒன்றைக் கண்டேன். பூட்டிய மூன்று வீடுகளின் முற்றம் கூட்டியிருந்தது, கொடியில் ஒரு சாரமும் ஒரு துவாயும் காய்ந்தன. ஆள் இருக்கிறது என்று காட்ட உறவுக்காரர் கொண்டுவந்து போட்டவை. நாலு நாள் கழித்துப் பார்த்தாலும் அதே சாரம், அதே இடம். பின்வளவில் பற்றையும் மலசலகூடமும் இருந்தபடியே. எங்கள் பட்டியல் ஒரு நுளம்பையும் கொல்லவில்லை, வெறுமையை மறைக்க மட்டும் சனத்துக்குப் பழக்கிவிட்டது. இதை நான் ஒளிக்காமல் எழுதுகிறேன், வேறு ஊர்ச் சங்கம் இதே பிழையை விடக்கூடாது.

கனடாவிலிருந்து வந்த போன்

2023 பெப்ரவரியில் அந்த முதல் வீட்டு மூத்த மகனின் இலக்கம் ஒரு வழியாகக் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் கதைத்தேன். கோபப்படுவார் என்று பயந்துகொண்டே விசயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அண்ணை, இஞ்ச ரொறன்ரோவில நாங்கள் எழுதிக் குடுக்க வேணும், வீட்டில ஆக்கள் இருக்கினமோ இல்லையோ எண்டு. போன கிழமைதான் நிரப்பினனான். ஊர் வீட்டுக்கு எழுதித் தர எனக்கு என்ன கஷ்டம்? ஆரிட்டைக் குடுக்கிறது எண்டு சொல்லுங்கோ.”

அதற்குப் பிறகுதான் மற்ற நாட்டு நகரங்கள் என்ன செய்கின்றன என்று இருந்து வாசித்தேன். ரொறன்ரோவில் 2022ஆம் ஆண்டுக்கான கணக்கோடு வெற்று வீட்டு வரி வந்திருந்தது. வீட்டின் பெறுமதியில் நூற்றுக்கு ஒன்று வரி, 2024இலிருந்து நூற்றுக்கு மூன்று. அங்கே தான் குடியிருக்கும் வீட்டுக்கும் ஒவ்வொருவரும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வீடு வெறுமை என்றே எடுத்துக்கொள்வார்கள். 2024இல் ஆட்கள் இருந்த பல்லாயிரம் வீடுகளுக்கு அப்படி வரிச்சீட்டுப் போய்ப் பெரிய குழப்பமாகி, நகரசபை திருத்த வேண்டியதாயிற்று. பேசாமல் இருப்பவரைக் குற்றவாளியாக எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது நல்ல பாடம்.

அமெரிக்க நகரங்களின் விதிகள் வேறு வழியால் வந்தவை. மசசூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்ரர் என்ற நகரத்தில் 1999 டிசெம்பர் 3ஆம் திகதி ஒரு பழைய குளிர்களஞ்சியக் கட்டடம் எரிந்தது. வெறும் கட்டடம், ஆனால் உள்ளே வீடில்லாத யாரோ தங்கியிருக்கலாம் என்று தேடிப் போன தீயணைப்பு வீரர் ஆறு பேர் புகைக்குள் வழி தெரியாமல் செத்துப்போனார்கள். ஆளில்லாத கட்டடம் யாருக்கும் தீங்கில்லை என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

டெலவெயர் மாநிலத்தின் வில்மிங்ரன் நகரம் 2003இல் கட்டணத்தைக் கையில் எடுத்தது. ஒரு வருடம் வெறுமையாக இருந்தால் 500 டொலர், வருடம் கூடக் கூட ஏறி, பத்தாவது வருடத்தில் 5,000 டொலர், அதற்கு மேலும் ஒவ்வொரு வருடத்துக்கும் 500 டொலர். விற்கவோ திருத்தவோ வைக்கும் நெருக்குதல் அது. வாங்க ஆள் இருக்கும் நகரத்தில் அது வேலை செய்யலாம். பேர்மிற் காணியை நினைத்தபடி விற்கவே முடியாத எங்கள் ஊரில் அதே கட்டணத்தைப் போட்டால், செத்துப்போன அம்மாவின் பெயரில் கடன் ஏறும், வேறொன்றும் நடக்காது.

எனக்குப் பிடித்தது கலிபோர்னியாவின் சூலா விஸ்ரா நகரம் 2007இல் கொண்டுவந்த விதி. கடன் கட்ட முடியாமல் சனம் வீடுகளை விட்டுப் போன காலம். கடன் கொடுத்த வங்கி எங்கோ தூர மாநிலத்தில் இருக்கும், புல் வளர்ந்தால் யாரைக் கேட்பது? நகரசபை சொன்னது இதுதான்: வீடு வெறுமையென்றால் வங்கி பதிய வேண்டும், உள்ளூரில் ஒரு பராமரிப்பு நிறுவனத்தை நியமிக்க வேண்டும், அவர்கள் கிழமைக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும், இரவு பகல் எந்நேரமும் எடுக்கக்கூடிய ஒரு போன் இலக்கத்தை அந்த வீட்டிலேயே ஒட்ட வேண்டும். வாசித்தபோது எனக்கு எங்கள் பரிசோதகர் நோட்டீஸ் கையுமாகக் கதவடியில் நின்றது கண்ணுக்குள் வந்தது. அவருக்கு அன்று தேவைப்பட்டது அந்த ஒரு இலக்கம்தான்.

யப்பானில் 2023 கணக்கின்படி 90 இலட்சம் வீடுகள் வெறுமை. செத்தவர் பெயரிலேயே காணிகள் கிடப்பது அங்கும் பெரிய தலையிடி. 2024 ஏப்ரலிலிருந்து மூன்று வருடத்துக்குள் முதுசத்தைப் பதிய வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். எங்கள் பேர்மிற்றுகளில் பின்னுரித்தாளர் பெயர் போடாமல் கண்மூடியவர்களை நினைத்துக்கொண்டேன்.

கொப்பி

2023 பங்குனியில் திரும்பத் தொடங்கினோம். இந்த முறை கூட்டம் இல்லை, வீடு வீடாகப் போய்க் கதைத்தோம். ஒரு 80 பக்கக் கொப்பி. தலைப்பை அந்த ஐயாவே சொன்னார்: ‘பூட்டியிருக்கும் வீடுகள்’. வீடு எங்கே இருக்கிறது, யாரோடு கதைப்பது, அவருடைய போன், ஊரில் பொறுப்பாள் யார், அவருக்கு மாற்றாள் யார், கிணறு எப்படி. அவ்வளவுதான் எழுதினோம். பேர்மிற் இலக்கம் கேட்கவில்லை. காணி உறுதிப்பத்திரம் கேட்கவில்லை. யாருக்கு முதுசம் என்று வாயே திறக்கவில்லை.

இதில்தான் முடிச்சு அவிழ்ந்தது. முதல் வீட்டுப் பிள்ளைகளுக்குள் வளவு யாருக்கு என்பதில் நெடுநாள் மனத்தாங்கல், ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. ஆனால் பற்றை வெட்ட யாரை விடுவது என்று கேட்டபோது மூன்று பேரும் ஒரே இரவில் ஒரே பெயரைச் சொன்னார்கள்: பக்கத்து வீட்டு மாமி. டெங்கு வந்த பிள்ளையின் அம்மம்மா அவர்.

மாமிக்கு வேறு பயம். “நாளைக்கு நான் காணி பிடிக்கப் பாத்தன் எண்டு சொல்லமாட்டினமே?” அந்தப் பயம் மறுபக்கத்திலும் இருந்தது. பத்து வருடம் இருந்தால் காணி இருந்தவனுக்கு என்ற கதை எல்லோருக்கும் தெரியும், சரியாகத் தெரியாது. உறுதிப்பத்திரம் உள்ள தனியார் காணியில் பத்து வருட ஆட்சி உரித்தாகலாம் என்பது உண்மை. ஆனால் சொந்தக்காரரின் அனுமதியோடு உள்ளே வந்தவர், அந்த அனுமதியைத் தூக்கியெறிந்து இது எனது என்று வெளிப்படையாக நடக்காதவரை, அந்தப் பத்து வருடம் ஓடத் தொடங்காது. அரச காணிக்கு எதிராக அப்படி உரித்து வரவும் வராது. ஆகவே அனுமதி எழுத்தில் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் காவல். அரைப் பக்கக் கடிதம் ஒன்று எழுதினோம்: ‘இந்த வீட்டையும் வளவையும் துப்புரவாக வைத்திருக்கவும், தேவைக்குத் திறந்து பார்க்கவும் எனது அனுமதியுடன் இன்னாருக்குப் பொறுப்புக் கொடுக்கிறேன். இதனால் உரித்து எதுவும் கைமாறவில்லை.’ ஒரு பிரதி சொந்தக்காரரிடம், ஒன்று பொறுப்பாளிடம், ஒன்று கொப்பிக்குள். சிலர் இதற்கும், தன் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் வேண்டுமா என்று கேட்டார்கள். விற்க, வழக்காட அது வேண்டும். பற்றை வெட்ட ஏன் தூதரகத்துக்கு அலைய வேண்டும்?

வருடத்தில் மூன்று தரம் துப்புரவு என்று வைத்தோம். மாரிக்கு முன் புரட்டாசியில், மழைக்கு நடுவே மார்கழியில், பிறகு மாசியில். கூலியைச் சொந்தக்காரர் நேரே பொறுப்பாளுக்கு அனுப்புவார், சங்கம் காசில் கை வைக்காது. பற்றைக்கு நெருப்பு வைக்கக்கூடாது என்பதைக் கடிதத்திலேயே எழுதினோம். எங்கள் மண்ணுக்குள் இன்னும் என்ன கிடக்கிறதென்று சொல்ல முடியாது, சூட்டில் வெடிக்கும். இரும்பாக எதையும் கண்டால் கை வைக்காமல் வந்த வழியால் திரும்பி, கிராம அலுவலரான விதானையாருக்கும் பொலிசுக்கும் சொல்ல வேண்டும்.

முதல் வீட்டைத் திறந்த நாள் 2023 புரட்டாசியில். மாமியும் நானும் ஒரு பொடியனும். கதவுநிலையில் கறையான் விரல் தடிப்பில் மண்வரி போட்டு முகட்டுவரை ஏறியிருந்தது. கதவைத் தள்ள ஒரு பக்க நிலை மாவாய்க் கொட்டியது. அறைக்குள் வௌவால் எச்சம். மூத்த மகன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். பொடியன் போனைச் சுற்றிக் காட்டிக்கொண்டு போகும்போது, “நில்லு, நில்லு தம்பி” என்று குரல் வந்தது. அலுமாரிக்கு மேலே தூசி படிந்தபடி அம்மாவின் மூக்குக்கண்ணாடி. கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. மாமி அதை எடுத்துத் தன் சேலைத் தலைப்பால் துடைத்து, ஒரு துணியில் சுற்றி, “என்னட்டை இருக்கும் அப்பு” என்றார்.

பிழைகளும் நடந்தன. கெட்டிக்காரப் பொடியன் ஒருவன் நான்கு வீட்டுப் பொறுப்பை எடுத்தான். முன்முற்றத்தை மட்டும் செருக்கிப் படம் அனுப்பிக் காசு வாங்கியிருக்கிறான். அதற்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு வீட்டுக்கு மேல் கொடுப்பதில்லை, முற்றத்துப் படமும் ஏற்பதில்லை. மலசலகூடக் கோப்பை, கிணற்று வாய், கூரை, குசினி மூலை, இந்த நாலும் படத்தில் வர வேண்டும். கோப்பையைப் பொலித்தீனால் மூடி இறுக்கிக் கட்ட வேண்டும், தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.

என்னுடைய பிழை திறப்பு. பாதுகாப்பு என்று நினைத்து ஐந்து வீட்டுத் திறப்பை என் வீட்டு ஆணியில் தொங்கவிட்டிருந்தேன். ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டர் களவு போனபோது எல்லோருடைய கண்ணும் அந்த ஆணிக்குத்தான் போனது. யன்னலை உடைத்து எடுத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. இருந்தும் அந்த இரண்டு நாள் பட்ட வேதனை கொஞ்சமல்ல. இப்போது திறப்பு பொறுப்பாளிடம் மட்டும் இருக்கும், திறக்கும்போது மாற்றாளும் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இன்று

2024 கார்த்திகைக் கடைசியில் பெருமழை வந்து வன்னியெங்கும் வெள்ளம் நின்றது. வெள்ளம் வடிந்ததும் அதே பரிசோதகர் வந்தார். ஒரு பூட்டிய வீட்டில் கூரைப் பீலி அடைத்துத் தண்ணீர் நின்றதைக் கண்டு, படலையில் எழுதியிருந்த இலக்கத்துக்கு அடித்தார். பின்னேரத்துக்குள் ஏணி வைத்து பீலி துப்புரவாயிற்று. நோட்டீஸ் எழுத வேண்டி வரவில்லை. பதினொரு வீட்டில் எட்டுக்குப் பொறுப்பாள் இருக்கிறார். ஒன்றில் ஆசிரியர் குடும்பம் ஒன்று வாடகைக்கு வந்திருக்கிறது. மிஞ்சிய இரண்டும் கடனால் போனவர்களின் வீடுகள், இன்னும் ஒருவரும் பிடிகொடுக்கவில்லை. அவர்களை நெருக்க எனக்கு மனம் வரவில்லை.

சங்கக் கொப்பி சட்டமாகாது, செயலாளர் மாறினால் கொப்பியும் தொலையும். ஆகவே இது பிரதேச சபையின் உபவிதியாக வரவேண்டும் என்பது என் எண்ணம். சபை தீர்மானித்து, மாகாண அமைச்சரின் அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் வந்தால் உபவிதி சட்டமாகும். ஆனால் அமெரிக்க நகரத்து விதியை அப்படியே பெயர்த்துக் கொண்டுவரக்கூடாது. பதிவுக்குக் கட்டணம் வேண்டாம். கேட்க வேண்டியது உள்ளூரில் ஒரு பொறுப்பாளின் பெயரும் எடுக்கிற போனும் மட்டும். சொல்லியும் செய்யாத வளவைச் சபை துப்புரவாக்கிச் செலவைக் கணக்கு வைத்துக்கொள்ளட்டும், சொந்தக்காரர் வரும்போது அறவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வெறுமை என்று பதிந்ததைக் காரணமாக வைத்துப் பேர்மிற்றில் கை வைக்கமாட்டோம் என்ற உறுதி பிரதேச செயலகப் பக்கத்திலிருந்து எழுத்தில் வர வேண்டும். அது வராத வரைக்கும் ஒருவரும் பதியமாட்டார்கள், கொடிகளில் சாரம்தான் காயும்.

அந்தக் கூரையில்லாத நான்கு வளவில் மூன்றுக்குத் தூரத்து உறவுகளைக் கண்டுபிடித்துவிட்டோம். நான்காவதில், அந்த முழுக் குடும்பமும் இல்லாத வளவில், கட்டுக்கிணறு ஒன்று வாய்க்கட்டு உடைந்து நிலமட்டத்தோடு கிடந்தது. ஆட்டுக்குட்டி ஒன்று விழுந்த பிறகு, ஊர்ப் பொடியன்கள் பனங்குற்றிகளைக் குறுக்கே அடுக்கி, மேலே தகரம் போட்டுக் கல் வைத்து மூடினார்கள். சுவரில் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் பூசிய நீலச் சுண்ணாம்பு இன்னும் தெரிகிறது. அதை இடித்துவிடலாம் என்று யாரோ சொன்னபோது ஊரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. கொப்பியில் அந்த வளவுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. யாரோடு கதைப்பது என்ற இடம் வெறுமை. பொறுப்பாள் என்ற இடத்தில் சங்கத்தின் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறோம்.